மிகுபகு எண்ணா, விஞ்சுகூறு எண்ணா?

குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் highly composite number எனப்படுவதற்குக் குழுவில் ஒருவர் முன்வைத்த தமிழ்ச் சொல் இது (வகுத்தி என்றால் ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்):

> தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணை ‘மிகுபகு எண்’ எனலாம்.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நிற்காது. ‘மிகு’ என்றால் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பத்து லட்சத்துக்கு 49 வகுத்திகள், நிறையத்தான். ஆனால் அதைவிடச் சிறிய 720720-க்கு 240 வகுத்திகள்! முன்னால் உள்ள அத்தனை எண்களையும் விஞ்ச வேண்டும் என்பதல்லவா இதன் இலக்கணம்? அப்புறம், இந்த வரிசையில் 2-ம் உண்டு. 2 பகா எண். அதற்கே ‘மிகுபகு’ என்று பெயர் வைத்தால் பாடம் குழம்பிவிடும்.

எங்கள் தருமபுரிப் பக்கம் சந்தையில் தக்காளியைக் கூறு போட்டு விற்பார்கள். போன வாரம் ஓர் அம்மா சாக்கு விரித்து, ஐந்தைந்தாகக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் அத்தனையையும் கலைத்து ஆறாறாக மாற்றினார். 60 பழம் இருந்தால் இரண்டுக்கும் மீதியில்லாமல் வரும். பத்துப் பத்தாகவும் வரும். 58 இருந்தால் இரண்டிரண்டாக வைக்கலாம், இல்லையென்றால் 29. 60-க்கு 12 வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு இந்தச் சொல் வந்தது: விஞ்சுகூறு எண்.

ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. அதனால் ஒற்று மிகாது. ‘விஞ்சுக்கூறு’ என்று எழுத வேண்டாம்.

720720-ஐப் பிரித்துப் பாருங்கள். 720-ஐ 1001-ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். பகாக் காரணிகள் 2, 3, 5, 7, 11, 13. நடுவில் ஒன்றும் விடுபடவில்லை. 2 நான்கு முறை, 3 இரண்டு முறை, மற்றவை ஒவ்வொரு முறை. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இதில் 13-ஐ எடுத்துவிட்டு 17-ஐப் போட்டால் வகுத்திகள் அதே 240தான், எண் மட்டும் பெரிதாகிவிடும். ஆகவே விஞ்சுகூறு எண்ணில் சிறிய பகா எண்ணைத் தாண்டிப் பெரியதற்குப் போக முடியாது. 2 நான்கு முறையும் 3 இரண்டு முறையும் வருவதால், 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் 720720 மீதியின்றி வகுபடும்.

ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1915-இல் இந்த எண்களைப் பற்றியே நீண்ட கட்டுரை எழுதினார். அவர் ஆராய்ந்த எண்களுக்குத் தமிழில் நிலையான பெயர் வேண்டாமா?

‘கூறு’ வேறு துறைகளிலும் புழங்குகிறது என்று சிலர் தயங்கலாம். சரி, ‘விஞ்சுகாரணி எண்’ என்றாலும் எனக்குச் சம்மதமே. ‘விஞ்சு’ மட்டும் போகக் கூடாது.

இன்னொன்று பாக்கி. அதே கட்டுரையில் இவற்றுக்குள்ளேயே இன்னும் மேலான ஒரு வகையையும் அவர் பிரித்தார். 60, 720720 இரண்டும் அதில் சேரும், 48 சேராது. ‘தலை’, ‘மீ’ என்று இரண்டு முன்னொட்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன், இரண்டும் ஒட்டவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.