ஜிமெயில், போட்டோஸ், வாட்ஸ்அப்: எதை முதலில் கழற்றுவது?

கரிசல்மண்:
வணக்கம். போன மாதம் சித்தப்பா மகனின் இணையக் கணக்கு ஒன்று திடீரென்று முடங்கிவிட்டது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். படிவம் ஒன்று இருக்கிறது, நிரப்பினால் அச்சடித்த மாதிரி ஒரு பதில் வருகிறது, பேச ஓர் ஆள் கிடையாது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான் கிடக்கின்றன. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2007 முதல் ஒரே ஜிமெயில். வங்கி, வருமான வரி, பி.எஃப்., எல்.ஐ.சி., ரயில் டிக்கெட் எல்லாம் அந்த முகவரியில். படங்கள் கூகுள் போட்டோஸில், 15 ஜிபி நிரம்பி இப்போது மாதச் சந்தா கட்டுகிறேன். நான் கணினி ஆள் இல்லை, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். வீட்டிலேயே சர்வர் வை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூகுள், வாட்ஸ்அப் மாதிரி பெரிய நிறுவனங்களின் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்ள வேண்டும். எதில் ஆரம்பிக்கலாம்?

மடல்பெட்டி:
உங்கள் பயம் வீண் பயம் இல்லை. 2022-ல் நியூயார்க் டைம்ஸில் ஒரு செய்தி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மருத்துவருக்குக் காட்டுவதற்காகக் தன் சின்னக் குழந்தையின் பிறப்புறுப்பில் இருந்த வீக்கத்தைப் படம் எடுத்திருக்கிறார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள்மீதான பாலியல் குற்றப் படமாக எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிட்டது. போலீஸ் விசாரித்து அவர்மேல் தப்பில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை.

ஆகவே மின்னஞ்சலில் ஆரம்பியுங்கள், மற்ற எல்லாக் கணக்குக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. ஆனால் ஜிமெயிலை விட்டு ப்ரோட்டான், ஜோஹோ மாதிரி வேறொரு மின்னஞ்சல் நிறுவனத்துக்கு அப்படியே போனால் வாடகை வீடு மாறின கதைதான், நாளைக்கு அங்கிருந்தும் கிளம்ப நேர்ந்தால் ஊர் முழுக்க மறுபடி முகவரி சொல்லித் திரிய வேண்டும். உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்கிவிடுங்கள். டாட் இன் என்றால் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அதில் ஒரு முகவரி உண்டாக்கி, பின்னால் எந்த நிறுவனத்தின் பெட்டி இருந்தாலும் சரி என்று வைத்துக்கொண்டால், பிடிக்காதபோது பெட்டியை மாற்றலாம், முகவரி மாறாது. டொமைன் விற்றவர்களின் தளத்தில் எம்எக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதை மாற்றினால் புதிய கடிதமெல்லாம் புதுப் பெட்டிக்குப் போகும். பழைய ஜிமெயிலை உடனே மூடாதீர்கள், அதிலிருந்து புதியதற்கு ஃபார்வர்டு போட்டுவிட்டு, பழைய முகவரிக்கு ஒவ்வொரு கடிதம் வரும்போதும் அந்த இடத்தில் மட்டும் முகவரியை மாற்றிக்கொண்டே வாருங்கள். எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

தெற்குத்தெரு:
மேலே சொன்னது சரி. ஒரு ஆபத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் வேறு யாரோ அதை வாங்கிவிடலாம், வாங்கினவருக்கு உங்கள் வங்கிக் கடிதம் முதற்கொண்டு போகும். அட்டை காலாவதியாகித் தானியங்கிப் புதுப்பிப்பு நின்றுபோனதை என் மைத்துனர் மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தார். ஐந்து, பத்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுவது உத்தமம். அந்த டொமைன் கணக்குக்கே அதே டொமைனின் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள், பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த மாதிரி ஆகும்.

வாட்ஸ்அப்பை விடப் பார்த்து நான் தோற்றவன். 2021-ல், பயனர் தகவலைத் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்கோடு (இப்போது மெட்டா) பகிர்வது பற்றி வாட்ஸ்அப் கொள்கையை மாற்றிய சண்டையின்போது, சிக்னல் என்ற வேறொரு செய்திச் செயலிக்குப் போனேன், குடும்பத்தில் பன்னிரண்டு பேரை இழுத்தும் வந்தேன். இரண்டு மாதத்தில் நானும் ஒரு அக்காவும் மட்டும் மிச்சம். அதே கொள்கைக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது, ஆனால் பள்ளிக்கூடக் குழு, குடியிருப்போர் குழு, கேஸ் புக்கிங் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. அதில் வீணாக மல்லுக்கட்டாதீர்கள்.

ஊருணிக்கரை:
சின்னச் சின்னதாகக் கழற்ற நிறைய இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்ய இண்டிக் கீபோர்டு, திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), தமிழ்99 விசை அமைப்பும் உண்டு. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், இணையம் இல்லாமலே வழி காட்டும். ஆனால் போக்குவரத்து நெரிசல் சொல்லாது, நம்ம ஊர்ப்பக்கம் தெருப்பெயர் பாதி இருக்காது. அதன் அடியில் இருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தலாம். எங்கள் ஊர் ரேஷன் கடையையும் ஊருணியையும் நான்தான் சேர்த்தேன், அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

பணம் அனுப்ப, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் பீம் செயலி இருக்கிறது, உங்கள் வங்கியின் செயலியும் இருக்கும். மொத்த யு.பி.ஐ. பரிவர்த்தனையில் எந்த ஒரு செயலியின் பங்கும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் சொன்னார்கள், கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிக்குப் போயிருக்கிறது. போன்பேயும் கூகுள் பேயும் அதுவரை ராஜாக்கள்தான்.

போனையே மாற்றச் சொல்லி யாராவது கிராஃபீன் ஓஎஸ் (கூகுள் செயலிகள் இல்லாமல் வரும் ஆண்ட்ராய்டு) என்று ஆரம்பிப்பார்கள். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுளின் பிக்சல் போனைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அப்புறம் சில வங்கிச் செயலிகள் அதில் திறக்காது. கடைக் கணக்கு பார்க்கிறவருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

கரிசல்மண்:
எல்லோருக்கும் நன்றி. டொமைன் புரிந்தது, இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன். படங்களை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக இறக்க வேண்டுமா? பதினெட்டாயிரம் இருக்கிறது!

மடல்பெட்டி:
வேண்டாம் ஐயா. கூகுள் டேக்அவுட் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால் ஜிப் கோப்புகளாகக் கட்டித் தரும். தயாராக மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். வந்த சுட்டி ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் இறக்கிவிடுங்கள். படத்தோடு ஜேசன் என்று குட்டிக் கோப்புகள் வரும், குப்பை என்று அழித்துவிடாதீர்கள், நீங்கள் பின்னால் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி இரண்டிலும் போடுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று சித்தப்பா வீட்டில். இரண்டையும் சொருகி, பழைய படம் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகே சந்தாவை நிறுத்துங்கள்.

கரிசல்மண்:
சித்தப்பா வீட்டில் வைத்தால் அவர் அதில் சினிமா ஏற்றிவிடுவார். அக்கா வீட்டில் வைக்கிறேன்.