வராத பிள்ளையை யார் தேடுவது? பள்ளி இல்லங்களில் நாம் கண்டவை

நெய்தல் டீச்சர் (தூத்துக்குடி மாவட்டம்):

நானே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024-25 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 'மகிழ் முற்றம்' வந்தது. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஆசிரியர்களையும் அவற்றில் சேர்க்க வேண்டும். மெட்ரிக் பள்ளிகளில் 'ஹவுஸ்' (இல்லம்) என்று பல காலமாக இருப்பதுதான். எங்கள் பள்ளியிலும் விளையாட்டு விழாவுக்கு மட்டும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று அணி பிரித்துக்கொண்டிருந்தோம். பி.இ.டி. சார் அதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். "அந்தக் கலர் பனியன் எனக்கு வேண்டாம் சார், எங்க கலரைக் குடுங்க" என்று பையன்கள் கேட்க ஆரம்பித்ததுதான் காரணம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் நிறம் என்பது சாதி. பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றைப் பார்த்தாலே யார் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இலேயே சுற்றறிக்கை வந்து, அப்போதே அது சர்ச்சையாகிப் போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவனைக் கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை.

சரி, எங்கள் பள்ளிக்கு வருகிறேன். குழு பிரிக்கும்போது நாங்கள் பெயர்ச்சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டோம். யார் எந்தக் குழுவில் என்பது ஆசிரியர்கள் உட்பட யார் கையிலும் இருக்கக் கூடாது என்பதில் எங்கள் ஹெச்.எம். உறுதியாக இருந்தார். எனக்கு நெய்தல் விழுந்தது. ப்ளஸ் ஒன் படித்த ஒரு பெண் தலைவியானாள். நான் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "பாயின்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நம்ம நெய்தல்ல யாராவது மூணு நாள் சேர்ந்தாப்ல வரலைன்னா, ஏன் வரலைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். தேதி, பெயர், வகுப்பு, காரணம் என்று நான்கு கட்டம் போட்டுக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் பிரேயரில் கயிறு சோதனை நடந்தது. ஒரு ஆசிரியர் கத்தரிக்கோலோடு வரிசை வரிசையாகப் போனார். நெய்தலில் இருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பையனின் கயிற்றை எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கிப் பிடித்து அறுத்தார். சிலர் சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போனவன் மறுநாள் வரவில்லை. மூன்று நாள், நான்கு நாள் ஆயிற்று. நானும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

நோட்டில் அவன் பெயரை எழுதிய தலைவி, மாலை பெல் அடித்ததும் இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டைத் தேடிப் போய்விட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அவன் தெருவும் அவள் தெருவும் வேறு வேறு. பிறந்து பதினாறு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை என்று பிறகு சொன்னாள்.

நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையனின் அம்மா இவர்களை வாசலில் பார்த்ததும் பதறிப்போய் உட்காரச் சொல்லியிருக்கிறார். வெயிலில் வந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், ஆனால் தன் வீட்டுச் செம்பில் கொடுத்தால் இவர்கள் குடிப்பார்களா என்று அவருக்குத் தயக்கம். சின்ன மகனிடம் காசு கொடுத்துக் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். இவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "கலரெல்லாம் வேண்டாம்த்தை, பச்சத்தண்ணி போதும்" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இருபத்தோரு வருட வேலையில் நான் வாங்கிக் கொடுத்த நூறு சதவீத ரிசல்ட்டை எல்லாம் விட இந்த ஒரு செம்புத் தண்ணீரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பையன் மறுநாள் வந்தான். மறுநாளே அவள் அப்பாவும் வந்தார். "எம்மவள எதுக்கு அங்கன அனுப்புனீங்க?" என்று ஆபீஸ் ரூமில் சத்தம் போட்டார். "அனுப்பவில்லை" என்று நான் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் பழி அந்தப் பிள்ளை மேல் போய்விடும். "என் தப்புதான், உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். இப்போது ஒரு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளை எந்த வீட்டுக்கும் விடுவதில்லை. பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் போகிறோம்.

கயிற்றை அறுப்பது இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தக் கயிறு அவனுக்கு ஒரு கூட்டத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுக் கையை வெறுமனே விட்டால் சாயங்காலமே வேறொரு கயிறு கட்டிக்கொள்வான். நெய்தல் என்ற பெயர் அந்த இடத்தை நிரப்புமா என்பது எங்களைப் போன்றவர்கள் அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

உங்கள் பள்ளிகளில் எப்படி? நல்லது, கெட்டது இரண்டையும் எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அக்கா:

டீச்சர், அந்தத் தண்ணீரை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கட ஊருக்கும் அது புதிதில்லை.

எங்களிடம் இல்லம் என்றாலே முதலாம் தவணைதான் நினைவுக்கு வரும். தை பிறந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆயத்தம் தொடங்கிவிடும். அணிநடை, அஞ்சல் ஓட்டம், கயிறிழுத்தல், எல்லாவற்றுக்கும் மேலாக இல்ல அலங்காரம். மைதானத்தின் ஓரத்தில் ஒவ்வொரு இல்லமும் தன் கொட்டகையைத் தானே கட்டும். அதற்கும் புள்ளி உண்டு. எங்கள் இல்லத்துக்கு நாவலர் பெயர். நான் 2010-இல் இல்லத் தலைவி.

அந்த வருடம் வன்னியிலிருந்து வந்த பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் சேர்ந்தார்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து விடப்பட்டு, யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளில் தங்கியிருந்தவர்கள். பத்தாம் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளையை எங்கள் இல்லத்தில் போட்டார்கள். ஓடச் சொன்னால் தலையை ஆட்டுவாள், அணிநடைக்குக் கூப்பிட்டால் பின்னுக்குப் போவாள். பாண்ட் வாத்தியத்தின் பெரிய மேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் போய்விடுவாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெட்கம் என்றுதான் நினைத்தோம். பதினெட்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் விளங்கியது.

கொட்டகைக்குக் கிடுகு தேவைப்பட்டது. வாங்கக் காசு காணாது என்று தென்னோலை எடுப்பித்து நாங்களே பின்னுவம் என்று இருந்தோம். யாருக்கும் ஒழுங்காக வரவில்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் கதைக்காமல் வந்து குந்தி, ஓலையை எடுத்துப் பின்னத் தொடங்கினாள். நாங்கள் ஒன்று பின்னி முடிக்க முன்னம் அவள் நாலு முடித்துவிட்டாள். எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினோம். நான் கேட்டேன், "உமக்கு இது எங்க பழக்கம்?"

"ஒவ்வொரு இடமா இடம்பெயரேக்க கொட்டில் போட வேணுமெல்லே அக்கா. அம்மாவோட இருந்து பின்னினனான்."

தட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா இப்ப எங்கே என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நல்ல காலம், எங்களோடு நின்ற இல்லப் பொறுப்பாசிரியர் வாயால் ஒன்றும் சொல்லாமல் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, "எனக்கும் காட்டும்" என்று ஓலையை எடுத்தார். பிறகு நாங்களும் குந்தினோம். இரண்டு கிழமை பின்னேரங்களில் அவள்தான் எங்களுக்கு வாத்தியார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தாள். அம்மாவைப் பற்றியும் கதைத்தாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது.

மேளத்தைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். நான் போய் பாண்ட் மாஸ்டரிடம் கேட்டு, பயிற்சியை மைதானத்தின் மற்ற மூலைக்கு மாற்றுவித்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினார். போட்டியன்று அவள் மைதானத்தில் ஓடவில்லை, கொட்டகைக்குள்தான் நின்றாள். அலங்காரத்தில் எங்களுக்கு எத்தனையாம் இடம் என்பது எனக்கு இப்போது நினைவில்லை, மெய்யாகவே நினைவில்லை. கிடுகின் பச்சை மணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கிள்ளான் தம்பி (மலேசியா):

என்னுடையது சின்னது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். மலாய் மொழியில் தேர்ச்சி பத்தாததால் முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. என் வயதுக்காரர்கள் படிவம் ஒன்றில் இருக்கும்போது நான் அதற்கும் கீழே. அந்த வெட்கம் பெரிது. விளையாட்டு இல்லம் என்று மஞ்சளில் போட்டார்கள், ஆனால் கூடாரத்தில் உட்கார்ந்து கத்துவது மட்டும்தான் என் வேலை. ஓட்டத்தில் முதல் மூவருக்குத்தான் புள்ளி. நமக்கு அங்கே என்ன இருக்கிறது?

அப்புறம் நெடுந்தூர ஓட்டம் வந்தது. எங்கள் பள்ளியில் அதற்கு விதி வேறு. குறித்த நேரத்துக்குள் முடிக்கும் ஒவ்வொருவருக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி. முதலில் வந்தாலும் நூற்றைம்பதாவதாக வந்தாலும் சரி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி வளைவுக்கு வந்தபோது, எங்கள் இல்லத்து சீனப் பையன் ஒருவன், ஏற்கெனவே ஓடி முடித்தவன், திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தான். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன். மலாயில் "இன்னும் மூன்று நிமிடம்!" என்று கத்திக்கொண்டே என்னோடு சேர்ந்து ஓடினான். அன்றைக்கு என் ஒரு புள்ளி அவனுக்குத் தேவைப்பட்டது. பத்தொன்பது வருடமாகிறது. என் கல்யாணத்தில் அவன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

எப்படிப் புள்ளி போடுகிறீர்கள் என்பது முக்கியம் டீச்சர். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

கோவை அம்மா:

தம்பி சொன்னதற்கு நேர் எதிரானது என் மகனுக்கு நடந்தது. அவன் படித்தது ஒரு தனியார் பள்ளி. தாமதமாக வந்தால், டை கட்டாவிட்டால், ஹோம்வொர்க் எழுதாவிட்டால் ஹவுஸ் பாயின்டில் கழிப்பார்கள். அந்த வருடம் என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைக் கவனித்துவிட்டு இவனைக் கிளப்புவதற்குள் வாரத்தில் இரண்டு நாளாவது லேட் ஆகிவிடும். தப்பு என்னுடையது, தண்டனை அவன் ஹவுஸுக்கு. பிள்ளைகள் அவனுக்கு 'மைனஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏழாவது படிக்கும் பையன் ஒருநாள் காலை பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். வயிற்றுவலி என்றான். அடுத்த நாளும் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழைத்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். "அவனிடம் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள்மா, அங்கே யார் பக்கத்தில் உட்கார்ந்தால் பிடிக்கும் என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். "யாரும் இல்லை" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேரில் போய் வகுப்பாசிரியையிடம் அழுதேன். நல்ல மனுஷி. கழிக்கும் முறையை நிர்வாகம் மாற்றவில்லை, ஆனால் அவர் தன் வகுப்பில் மட்டும் கழிப்பதை நிறுத்திவிட்டார். 'மைனஸ்' என்ற பெயர் மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நெய்தல் டீச்சர்:

கோவை அம்மா, உங்கள் பதிவை ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தேன். நாங்களும் லேட்டுக்குக் கழிக்கலாம் என்று போன மாதம்தான் பேசிக்கொண்டிருந்தோம். இனி அந்தப் பேச்சு இல்லை. தம்பி சொன்ன ஓட்ட விதியை பி.இ.டி. சார் எழுதி வைத்துக்கொண்டார், அடுத்த விளையாட்டு விழாவில் செய்துபார்க்கப் போகிறோம். அக்கா, உங்கள் பொறுப்பாசிரியர் குந்தியதைப் போல எனக்கும் குந்தத் தெரிய வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஜூனில் பள்ளி திறந்ததும் தலைவி ப்ளஸ் டூவுக்குப் போனாள். படிப்புச் சுமை என்பதால் நோட்டை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பதாவதுக்கு வந்துவிட்ட அந்தப் பையனே வந்து கேட்டான், கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஜனவரிப் பக்கத்தில் நின்றுவிட்டான். பிறகு என் மேஜைக்கு வந்தான்.

"டீச்சர், என் பேருக்கு நேரா காய்ச்சல்னு எழுதிருக்கு. எனக்கு அப்ப காய்ச்சலே இல்லையே."

"அக்கா எழுதினது" என்றேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புதுப் பக்கம் திருப்பி, ஸ்கேலை வைத்து நான்கு கட்டம் போட ஆரம்பித்தான்.