கிப்லியா, டேட்டோனாவா?

கயல்: பெரியப்பா, ஒரு யோசனை வேண்டும். இத்தாலியில், டூரினில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறார். விற்பனைக்கு வந்திருப்பவை ஒரு மசராட்டி கிப்லி, ஒரு ஃபெராரி டேட்டோனா. இரண்டுமே 1970ஆம் ஆண்டுக் கார்கள்.

பெரியப்பா: வாங்கிப் பூட்டி வைப்பாரா, ஓட்டுவாரா?

கயல்: ஓட்டத்தான். கோடையில் மனைவியோடு கடற்கரைப் பக்கம் போய்வர வேண்டுமாம்.

பெரியப்பா: அப்படியென்றால் கிப்லி. யோசிக்கவே வேண்டாம்.

செந்தில்: பொறுங்கள் பெரியப்பா. டேட்டோனாவில் இருப்பது 4.4 லிட்டர் வி12, அதாவது 12 சிலிண்டர் எஞ்சின். 352 குதிரைத்திறன், மணிக்கு 280 கி.மீ. வேகம். கியர் பெட்டியைப் பின்பக்கம் வைத்து எடையைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் அதிர்வு தாங்கத் தனித்தனி சஸ்பென்ஷன். கிப்லியின் பின்பக்கம் என்ன இருக்கிறது? லாரிக்குப் போடும் கமான் பட்டை!

பெரியப்பா: மறுக்கவில்லை செந்தில். மலை வளைவில் டேட்டோனாதான் உயர்ந்த கார். ஆனால் அதற்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது, கிளட்ச்சும் கனம். ஊருக்குள் ஓட்டினால் கையும் காலும் ஓய்ந்துவிடும். கிப்லியின் 4.7 லிட்டர் வி8 எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும். கணவன் மனைவி பேசிக்கொண்டே போவதற்கு அதுதான் ஏற்றது.

கயல்: நேற்று இரண்டையும் நேரில் பார்த்தேன், படமும் இங்கே போட்டிருக்கிறேன். கிப்லியின் கூரையைத் தாங்கும் பின் தூண்கள் இரண்டிலும் சின்ன மடிப்புக் கதவு. திறந்தால் உள்ளே பெட்ரோல் மூடி. இரண்டு டேங்க், தலா 50 லிட்டர். ஒன்று தீர்ந்தால் டேஷ்போர்டில் சுவிட்சைத் தட்டி அடுத்ததுக்கு மாறிக்கொள்ளலாம்.

அத்தை: படத்தில் வெள்ளி நிறத்தில் இருப்பது எது? இவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க முடியுமா கண்ணு?

கயல்: அதுதான் கிப்லி அத்தை. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ, கியா (Ghia) என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது வரைந்தது. 1966இல் இதே டூரின் கண்காட்சியில்தான் முதன்முதலில் வைத்தார்கள். ஏறுவது சுலபம், இறங்கத்தான் சிரமம்.

அத்தை: அழகு என்றால் இதுதான். சிவப்புக் காரின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

செந்தில்: அத்தை, அந்த முகத்துக்குத்தான் மதிப்பே! விளக்குகள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன, பாருங்கள். 1971இல் அமெரிக்க விதிக்காக அதை மாற்றி, மேலே எழும் விளக்கு வைத்துவிட்டார்கள். கயல், கூரையில்லாத டேட்டோனா கிடைக்குமா என்று அவரை விசாரிக்கச் சொல்.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம். ஆலையிலிருந்தே கூரையில்லாமல் வந்த ஸ்பைடர் கார்கள் 122தான். பிற்காலத்தில் கூரையோடு வந்த நல்ல கூப்பேக்களின் கூரையை அறுத்து ஸ்பைடராக்கி விற்றார்கள். அந்தக் கொடுமையை நினைத்தாலே வயிறு எரிகிறது. விலையையும் பார்க்க வேண்டும். டேட்டோனாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூடக் கிப்லிக்கு ஆகாது. மிச்சப் பணம் பராமரிப்புக்கு இருக்கும். டேட்டோனாவில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் வெபர் கார்புரேட்டர் ஆறு; ஆறையும் ஒரே சீராக வைத்திருக்கத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும். கிப்லியில் நான்குதான்.

செந்தில்: முதலீடு என்று பார்த்தால் டேட்டோனாதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெரியப்பா: முதலீட்டுக்கு அவர் நிலம் வாங்கட்டும். கயல், கிப்லியை லிஃப்டில் ஏற்றி அடித்தளத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். புதுப் பெயின்ட்டை நம்ப வேண்டாம். எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் ஆவணத்தோடு பொருந்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினைத் தன் கண்முன்னே கிளப்பச் சொல்லட்டும், முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடட்டும்.

கயல்: சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றுகிறார்கள் பெரியப்பா. நானும் போகிறேன்.

பெரியப்பா: அடித்தளத்தைப் படம் எடுத்து இங்கேயே போடு. வெளிச்சம் பத்தாவிட்டால் டார்ச் அடித்து எடு.