தோட்டத்துச் சாளையில் உருவாகும் விமானங்கள்: நேரில் பார்த்தவர்கள் தத்தம் புனைபெயரில் எழுதிய அனுபவப் பகிர்வு

உடுமலைக்காரன்:

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, என் மாமாவின் நண்பர் ஒருவர் தம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், இருவர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டிவருகிறார். கிறிஸ் ஹெயின்ட்ஸ் வடிவமைத்த செனித் 701 என்ற சிறு விமானத்தின் வரைபடத்தை வாங்கி, அலுமினியத் தகட்டைத் தாமே வெட்டி வளைத்துச் செய்கிறார். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொல்ல வந்தது தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணிகளின் ஒரு வரிசையைப் பற்றி மட்டுமே.

கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறையில் பல காலம் வேலை பார்த்த ஒருவர் அவருக்கு உதவியாக வருவதுண்டு. நான் போயிருந்த அன்று, இறக்கையின் பின்பக்கத் தகட்டை அவர் தனியாளாக ரிவிட் அடித்து முடித்திருந்தார். வரிசை நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. விமானம் கட்டும் பெரியவர் வந்து விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்தார். ரிவிட்டின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை உள்ள தூரம், ரிவிட்டின் விட்டத்தைப்போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு முனையில் தொடங்கிப் பாதி வரிசைக்கு அது போதவில்லை. துளை விழுந்துவிட்ட தகட்டை ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகத்தான் வெட்ட வேண்டும். பெரியவர் டிரில்லை எடுத்து ஒவ்வொரு ரிவிட்டாகத் துளைத்து எடுக்கத் தொடங்கினார்.

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பஸ்ஸா இருந்தா இது பத்து வருசம் ஓடுமுங்க" என்றார். பெரியவர் நிமிராமலே, "ஓடுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ரிவிட்டில் டிரில்லை வைத்தார். அந்த ஒற்றைச் சொல் பட்டறைக்காரரின் வேலையை மதித்துச் சொன்னதா, பேச்சை முடிப்பதற்காகச் சொன்னதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கரூர்ப் பட்டறை:

மேலே எழுதியவர் எங்கள் தொழிலைத் தாழ்த்திச் சொல்லவில்லை என்றாலும், படிப்பவர்களுக்கு அப்படித் தோன்றக்கூடும் என்பதால் எழுதுகிறேன். பேருந்தில் பாரத்தைத் தாங்குவது உள்ளே உள்ள குழாய்ச் சட்டம். வெளித்தகடு மழையையும் தூசியையும் மறைப்பதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. இந்த வகை விமானத்தில் தகடே பாரத்தைச் சுமக்கிறது. இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். ஆகவே எங்கள் ஆட்களுக்கு விளிம்புத் தூரம் தெரியவில்லை என்று சொல்வது சரியன்று. அவர்கள் செய்த வேலையில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை, அவ்வளவுதான். அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது பெரியவரின் பொறுப்பு.

என் அனுபவம் வேறு. எங்கள் பட்டறைக்கு ஒருவர் விமானத்துக்குப் பயன்படும் 2024-டி3 ரக அலுமினியத் தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தொண்ணூறு பாகைக்கு மடக்கித் தரச் சொன்னார். வழக்கமாக நாங்கள் மடக்கும் தகட்டுக்குப் பயன்படுத்தும் கூர்மையான அச்சையே எங்கள் ஆள் மாட்டினான். வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், மடிப்பு நெடுகிலும் 'டக்' என்ற ஒரே ஓசையோடு தகடு பிளந்துவிட்டது. அந்த ரகம் உறுதியானது. ஆனால் மென்தகட்டைப்போல மடங்காது. தடிமனைப்போல மூன்று மடங்குக்குக் குறையாத வளைவு ஆரம் வேண்டும். தகட்டை உருட்டிய திசைக்குக் குறுக்காகவும் மடக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. பிளந்த துண்டை அதே துணியில் பொறுமையாகச் சுற்றிக்கொண்டு, மடக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டார். எங்கள் அப்பா வாங்க மறுத்தார். அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. அந்த விமானம் முடிந்ததா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கேத்தனூர்க் காற்று:

ரிவிட்டைப் பற்றி நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் விமானம் கட்டுபவருக்கு முதல் எதிரி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் இங்கே நிற்கிற பொருளெல்லாம் நகரப் பார்க்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒற்றை இருக்கை விமானத்தை முடித்துவிட்டு, எடை போடுவதற்காக அதைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பயன்படுத்தும் மின்னணுத் தராசுகள் மூன்றை இரவல் வாங்கி, மூன்று சக்கரங்களின்கீழும் வைத்திருந்தார். மூன்று எடைகளையும் கூட்டி, அவை விழும் இடங்களைக் கணக்கிட்டால்தான் எடையின் மையம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அது பின்னால் போய்விட்டால் விமானம் கையில் நிற்காது. அவர் குறிப்பேட்டோடு குனிந்து எண்களைப் படித்துக்கொண்டிருந்தபோது மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. தராசு எண்கள் எங்கள் கண்ணெதிரே இறங்கின. இடப்பக்கத் தராசு ஒரு கணம் சுழியத்தைக் காட்டியது. எஞ்சின் ஓடவில்லை, இருக்கையில் ஆள் இல்லை, சக்கரம் உருளவில்லை. ஆனாலும் அந்த இறக்கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நான்கு பேர் பாய்ந்து பிடித்தோம்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது பிறகு புரிந்தது. 701 போன்ற விமானங்கள் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்திலேயே காற்றில் நிற்கக்கூடியவை. ஆடிக்காற்றின் வீச்சு அந்த வேகத்தை எளிதாகத் தொட்டுவிடும். எடையைக் கதவு மூடிய கொட்டகைக்குள்தான் போட வேண்டும். சித்திரையில் பறக்கலாம் என்பாரும் உண்டு. கோவை விமான நிலையம் ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் உள்ளது. வெப்பம் 38 பாகைக்குப் போனால், எஞ்சினும் இறக்கையும் சுமார் 4,400 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்த காற்றில் உழைக்க வேண்டிவரும். என்னைக் கேட்டால் தை, மாசி மாதங்களின் விடியற்காலைதான் இதற்கு ஏற்றது.

கணபதி எஞ்சின்:

கோவை கணபதியில் ஒரு நண்பரின் கொட்டகையில், சில மாதங்கள் பெட்ரோல் நிரப்பி வைத்திருந்த குழாய் ஒன்றைக் கழற்றியபோது, அது விரலுக்கு நடுவே மாவாக நசுங்கியதைப் பார்த்தேன். என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் இங்கே எழுதிய மூவரும் எரிபொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதால் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். சிறு விமானங்களுக்கான ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு அதைச் செய்பவர்கள் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். சில ரப்பர்களையும் பிசின்களையும் இளக்கும். கண்ணாடி இழைத் தொட்டி வைத்திருப்பவர்கள் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். சோதிப்பது கடினமன்று. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழலில் கொஞ்சம் தண்ணீரும் அதன்மேல் பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிறுத்துங்கள். அடியில் உள்ள தண்ணீரின் மட்டம் முன்பைவிட உயர்ந்திருந்தால், உயர்ந்த அளவு எத்தனால்.

அடுத்தது எரிபொருள் அடைப்பான், அதாவது எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் திருகு, இருக்கும் இடம். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியக் கடலோரத்தில் இறந்தது வீட்டில் கட்டப்பட்ட லாங்-ஈஸி விமானத்தில்தான். அதை வடிவமைத்த பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் அடைப்பான் விமானியின் கால்களுக்கு இடையே இருந்தது; கட்டியவர் அதை இடத் தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தார். டென்வர் அந்த விமானத்தை வாங்கியவர், கட்டியவர் அல்லர். தொட்டி மாற்றுவதற்காக அவர் உடலைத் திருப்பும்போது விமானத்தைத் திருப்பும் வலக்கால் மிதியை அழுத்திவிடும் வாய்ப்பு இருந்ததை விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே வரைபடத்தில் உள்ள இடத்தை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், இருக்கையில் அமர்ந்து, பட்டையை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி கையை நீட்டிப் பாருங்கள்.

கடைசியாக, எரிபொருள் ஓட்டச் சோதனை. தொட்டி மேலே இருந்து தானாகவே இறங்கும் அமைப்பானால், எஞ்சின் முழுவேகத்தில் குடிப்பதைப்போல ஒன்றரை மடங்கு குழாய் வழியே வர வேண்டும். மணிக்கு 24 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு 36 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 600 மில்லி. பம்பு இருந்தால் ஒன்றேகால் மடங்கு போதும். இதைச் செய்யாமல் ஓடுபாதைக்குப் போகிறவரை நான் விமானி என்று ஏற்கமாட்டேன்.

பல்லடம் வடக்கு:

கணபதி நண்பர் சொன்னது எல்லாம் சரியே. ஆனால் அனுபவத்தைப் பகிரச் சொன்ன இடத்தில் இப்படிப் பாடம் எடுத்தால் புதியவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அவர் யாரை விமானி என்று ஏற்கிறார் என்பது இங்கே ஒருவருக்கும் தேவையில்லை.

எங்களுக்கு வந்த சிக்கல் ரிவிட்டும் அன்று, காற்றும் அன்று. என் சித்தப்பா மகன் கட்டிய விமானத்தின் எஞ்சினை முதன்முறை ஓட்டிய மறுநாள், யாரோ சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி தோட்டத்துக்கு வந்துவிட்டார். சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கும் பகுதி என்பதால் அவர் வந்ததில் தவறில்லை. விமானத்தைச் சுற்றி வந்தவர், "இதற்கு இறக்கை எங்கே?" என்று கேட்டார். இறக்கைகள் அடுத்த அறையில் துணி ஒட்டுவதற்காகக் கிடந்தன. அண்ணன் அழைத்துப்போய்க் காட்டினார். இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டிப் பாலியெஸ்டர் துணியை எலும்புக்கூட்டின்மேல் இறுக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. அதிகாரி இறுகிய துணியை நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார், பறைபோல ஒலித்தது. சிரித்துவிட்டு மீண்டும் ஒருமுறை தட்டினார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, எல்லாக் காகிதங்களையும் கேட்டார்.

மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டி, 2016-இல் கண்காட்சிக்கு வைத்து, 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் பதிவு எண்ணையும் வாங்கினார் அல்லவா? அண்ணன் அந்தச் செய்தித்தாள் நறுக்கை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை முழுவதும் படித்துவிட்டு, "இவர் பதிவு வாங்கிவிட்டார், நீங்கள் இன்னும் வாங்கவில்லை" என்றார். அதற்கு மறுமொழி இல்லை. இதற்குமுன் எழுதியவர்கள் ஒருவர்கூடப் பதிவைப் பற்றியோ பறப்பதற்கான அனுமதியைப் பற்றியோ ஒரு வரி எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி எஞ்சினில் பந்தயக் கார் வடிவமைத்த அந்த மனிதர், 1995-இல் சிறு விமான விபத்தில்தான் போனார். கோவையில் இதை விளையாட்டாகப் பேசக் கூடாது.

பெருந்துறையிலிருந்து விஸ்கான்சின்:

விளையாட்டாக யாரும் பேசவில்லை, அண்ணா. விதிகள் தெளிவாக உள்ள நாட்டிலும் மனத்தில் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. நான் வேலை பார்க்கும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில்தான் 1953-இல் பால் போபெரெஸ்னி வீட்டு விமானம் கட்டுவோருக்கான சங்கத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் அங்குள்ள ஆஷ்கோஷ் நகரில் அவர்கள் கூடுவது உங்களுக்குத் தெரிந்ததே. என்னோடு பணிபுரியும் ஒருவர் ஆர்வி-6 வகை விமானத்தைத் தம் கார் கொட்டகையில் கட்டியவர். ஒரு சனிக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டார்.

பட்டையை மாட்டும்போது என் முழங்காலுக்கு நேரே ஒரு சிறிய தகடு இருந்தது. இந்த விமானம் தொழில்முறையல்லாதவரால் கட்டப்பட்டது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்று பயணியை எச்சரிக்கும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அப்படி ஒன்றை வைப்பது அங்கே கட்டாயம். நான் படித்து முடிக்கும்வரை அவர் எஞ்சினை இயக்காமல் காத்திருந்தார். உங்கள் மனைவி இதில் வந்திருக்கிறாரா என்று கேட்டேன். "அவளும் அதைப் படித்தாள்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார். பயணம் நன்றாகவே இருந்தது, ஏரிகளெல்லாம் தெரிந்தன. ஆனால் வந்தாரா, வரவில்லையா என்பதை நான் மறுபடி கேட்கவில்லை.

கோபி வாய்க்கால்:

கணபதி நண்பரின் பாடத்தைக் குறை சொன்னவர்களுக்கு ஒன்று: அந்த ஓட்டச் சோதனையை அவர் பாதிதான் சொன்னார். சமதளத்தில் அளந்தால் போதாது. மூக்கு மேலே தூக்கிய நிலையில், ஏறும்போது இருக்கும் சாய்வில் அளக்க வேண்டும். என் மச்சான், வால் சக்கரம் வைத்த விமானத்தின் வாலை இறக்குவதற்காகத் தோட்டத்தில் குழியே வெட்டினார். பால் சங்கத்து லிட்டர் அளவையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் நிமிடம் 600 மில்லிக்குமேல் தாராளமாக வந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. தொட்டி காலியாகும்வரை பிடி என்றார். சிறிது நேரத்தில் பெட்ரோலின் தாரை மெலிந்தது, பிறகு நூலாகியது, பிறகு சொட்டத் தொடங்கியது. தொட்டியில் பாதிக்குமேல் இருந்தது. மச்சான் ஏணியில் ஏறித் தொட்டி மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்த ஓசை கீழே நின்ற எனக்கே கேட்டது. உடனே தாரை பழையபடி கொட்டியது. தொட்டிக்குள் காற்று புகும் குழாயைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே குளவி மண் வைத்துக் கெட்டியாக அடைத்திருந்தது. ஒரு நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சோதனையில் விமானம் தேறியிருக்கும்.

ஆகவே மூடியைப் போட்டுவிட்டுத் தொட்டி காலியாகும்வரை அளந்து பாருங்கள். மச்சான் இப்போது குழாய் முனையில் வலைத்துணி கட்டி, பறக்குமுன் கழற்ற வேண்டும் என்பதற்காகச் சிவப்பு நாடாவும் தொங்கவிட்டிருக்கிறார். வலையின் கண் அளவு என்ன என்று கணபதி நண்பர் கேட்பார் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அது கொசுவலை.