நான்கரை வயதுப் பிள்ளைக்கு 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' காட்டலாமா?

கேள்வி: சின்னவளின் அம்மா

வரும் சனிக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' பார்க்கலாம் என்றிருக்கிறோம். பெரியவனுக்கு எட்டு வயது, அவனைப் பற்றிக் கவலை இல்லை. சின்னவளுக்கு நான்கரை. பாட்டு என்றால் அவளுக்கு உயிர். அந்த வானவில் பாட்டை ஏற்கெனவே கேட்டுக் கேட்டு, சொல் புரியாமலே மெட்டை முணுமுணுக்கிறாள். ஆனால் கதைப் புத்தகத்தில் ஓநாய் வந்தால் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "நீ மட்டும் படி" என்பவளும் அவள்தான். குடும்பத்தோடு பார்க்கும் படம் என்கிறார்கள். பச்சை முகச் சூனியக்காரியையும் பறக்கும் குரங்குகளையும் நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பிள்ளைகளோடு பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இரவல் புத்தகம்

தாராளமாகக் காட்டுங்கள். என் மகன் ஐந்து வயதில் பார்த்தான். குரங்குகள் பறந்து வந்தபோது சோபா மேல் ஏறி நின்று தானும் கையை விரித்துப் பறந்தான். சிங்கம் மந்திரவாதிக்குப் பயந்து ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் குதிக்கும் இடத்தை நான்கு முறை திரும்பப் போடச் சொன்னான்.

பதில்: ஓய்வுபெற்ற மழலையர் ஆசிரியை

மேலே எழுதியவரின் மகன் பறந்தான் என்பதால் உங்கள் மகளும் பறப்பாள் என்று சொல்லிவிட முடியாது. 26 ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தவள் நான். ஒரே கதையைக் கேட்டு ஒரு பிள்ளை சிரிக்கும், பக்கத்துப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழும். ஓநாய்ப் பக்கத்தை மூடுகிற பிள்ளை என்றீர்களே, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

இந்தப் படத்தை என் மகளுக்கு ஐந்து வயதில் காட்டினேன். சூனியக்காரி வருவாள், குரங்குகள் வரும் என்று முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்தியிருந்தேன். குரங்குகள் வந்தன, சோளக்கொல்லைப் பொம்மையைப் பிய்த்து வைக்கோலை வாரி இறைத்தன. அவள் அசையவில்லை. கால் ஓரிடம், உடம்பு ஓரிடம் என்று கிடந்தாலும் அந்தப் பொம்மை விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறதே, பிள்ளைக்கு அது போதும்.

அவளை உலுக்கியது வேறு காட்சி. கதையின் நாயகியான சிறுமி டோரத்தியைக் கோட்டையில் அடைத்து, சிவப்பு மணல் நிரம்பிய மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாள் சூனியக்காரி. மணல் தீர்ந்தால் டோரத்தியின் உயிரும் தீர்ந்தது. அவள் தனியாக அழும்போது பெரிய பளிங்கு உருண்டைக்குள் அத்தையின் முகம் தெரிகிறது. அத்தை அவளைத் தேடிக் கூப்பிடுகிறாள். இங்கேதான் இருக்கிறேன் என்று இவள் கதறுவது அங்கே எட்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தையின் முகம் மறைந்து சூனியக்காரியின் முகமாகிறது, இவள் கூப்பிட்டதையே பழித்துக் காட்டிச் சிரிக்கிறது. சின்னக் காட்சிதான். அன்று இரவு விளக்கை அணைத்ததும் என் மகள் விரலால் என் மூக்கையும் கன்னத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். "அம்மா, உன் முகம் மாறிவிடாதே?" என்றாள். மூன்று இரவுகள் அப்படித் தடவிப் பார்த்த பிறகுதான் தூங்கினாள்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வயதில் பல்லும் நகமும் பெரிய பயமில்லை. தன்னைப் பார்த்துக்கொள்கிறவர் கைக்கு எட்டாமல் போவதுதான் பயம். படத்தின் தொடக்கத்தில், டோரத்தியின் ஊரான கான்சாஸ் வரும் பகுதி பழுப்பு நிறத்தில் ஓடும்போதே, பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து டோட்டோ நாய்க்குட்டியைக் கூடையில் போட்டு எடுத்துப் போய்விடுகிறாள். அங்கேயே சில பிள்ளைகள் உடைந்துவிடும். நாய் தப்பித்து ஓடி வந்துவிடும் என்று காதோடு சொல்லிவிடுங்கள். கதையின் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பெரியவர்களுக்குத்தான் அது சுவையைக் கெடுக்கும். டோரத்தி வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று தெரிந்த பிள்ளை நிம்மதியாகப் பாட்டைக் கேட்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன், நடிக்க வருவதற்கு முன் என்னைப் போல மழலையர் ஆசிரியையாக இருந்தவர். (இது தெரிந்த நாளிலிருந்து அவர்மீது எனக்குத் தனிப் பிரியம்.) 1975இல் 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்ற பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சாதாரண உடையில் வந்து, சூனியக்காரியின் உடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் அதே சூனியக்காரியாகவே வந்தார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர் எழுதிக் குவித்தார்கள், அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பவில்லை. பச்சைச் சாயம் இல்லாத அவருடைய புகைப்படம் எளிதாகக் கிடைக்கும். மகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.

102 நிமிடப் படத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்பதில்லை. மரகத நகரத்தில் எல்லாரும் குளித்துத் தலைவாரிப் பாடுகிறார்களே, அந்தப் பாட்டு முடிந்ததும், சூனியக்காரி வானத்தில் புகையால் எழுதத் தொடங்குவதற்குள் நிறுத்திவிடுங்கள். மீதி மறுநாள் பகலில். அறை விளக்கு எரியட்டும், ஒலியைக் குறைத்து வையுங்கள். அந்தச் சிரிப்பின் சத்தமே பாதிப் பயம்.

பதில்: கடைசி பெஞ்ச்

எனக்கு ஆறு வயதில் காட்டினார்கள். சூறாவளி வீட்டைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, காற்று பலமாக அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஓராண்டு அப்படி இருந்தேன். இன்று எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். ஆனாலும் என் பிள்ளைக்கு ஏழு வயது ஆகட்டும் என்று காத்திருக்கிறேன். பாட்டுகளை இப்போதே தனியாகக் கேட்கிறோம், அதற்கு என்ன தடை?

சின்னவளின் அம்மா

பார்த்துவிட்டோம், இரண்டு நாளாகப் பிரித்து. ஆசிரியை அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. புகைப்படத்தைக் காட்டியதால் சூனியக்காரி வரும்போதெல்லாம் "டீச்சர் வந்துவிட்டார்" என்றாள். பளிங்கு உருண்டைக் காட்சிக்கு முன் அவளை மடியில் உட்காரவைத்து என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கதவு திறந்து படம் வண்ணத்துக்கு மாறியபோது அவள் வாய் பிளந்து நின்றதை மறக்கவே மாட்டேன்.

ஆனால் யாருமே சொல்லாத ஓரிடத்தில் வீறிட்டுவிட்டாள். டோரத்தி பழம் பறிக்கப் போகும்போது ஆப்பிள் மரம் கையில் அடித்துத் திட்டுகிறதே, அங்கே. இன்று காலையிலிருந்து எந்த மரத்தின் பக்கமும் போக மறுக்கிறாள்.

ஓய்வுபெற்ற மழலையர் ஆசிரியை

மரங்களை நான் மறந்தே போனேன், மன்னியுங்கள். அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டு, சோளக்கொல்லைப் பொம்மையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அது வேண்டுமென்றே மரங்களைச் சீண்டுகிறது. மரங்கள் கோபத்தில் பழங்களை எடுத்து வீச, இவர்கள் பொறுக்கிக்கொள்கிறார்கள். ஏமாந்தது மரம்தான் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தடிக்குப் போங்கள். முதலில் நீங்கள் தொடுங்கள்.