மறு: 'சிங்கிள் ஹொப்' பியருக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்

வணக்கம். ஹொப்ங்கிறது பியருக்கு கசப்பும் வாசமும் குடுக்கிற ஒரு கொடியோட பூ, ஒரே ரக ஹொப்ப மட்டும் போட்டு செய்றது தான் 'சிங்கிள் ஹொப்' பியர். அதுக்கு தமிழ்ல மாத்தளை அண்ணன் 'ஒற்றை ஹொப் வடிப்பு'ன்னு போட்டிருந்தாரு. எனக்கு ஒற்றையும் வேணாம், வடிப்பும் வேணாம். வடிப்புன்னா நம்ம பக்கம் கசிப்பு, அதான் கள்ளச்சாராயம், தான் ஞாபகம் வரும், பியர் வடிக்கிற சாமானே இல்லயே, மோல்ட், அதாவது முளைகட்டி காயவச்ச பார்லி, ஊறின தண்ணியில ஹொப் போட்டு கொதிக்க வச்சு ஆறவிட்டு ஈஸ்ட் போட்டு புளிக்க விடுறது. இன்னொருத்தர் 'காய்ச்சல்'னு எழுதினாரு, அதுக்கு பெனடோல் தான் குடுக்கணும் :)

ஒற்றைன்னா எண்ணிக்கை. இங்க விஷயம் கலப்பில்லாம இருக்கிறது. கடையில மல்லி சீரகம் சேராதத 'தனி மிளகாய்த்தூள்'னு தானே கேட்டு வாங்குறோம், அந்த தனி போதும். என் வோட்டு 'தனிஹொப் பியர்'.

எதுக்கு ஒரே ஹொப்புல பியர் போடுறாங்கன்னு கேட்ட தம்பிக்கு: புது ஹொப் ரகம் பியர்ல எப்படி மணக்கும்னு பாக்க மோல்ட், ஈஸ்ட், தண்ணி எதையும் மாத்தாம ஹொப்ப மட்டும் மாத்துவாங்க. தேயிலை டேஸ்டிங்ல எல்லா கப்புக்கும் ஒரே நிறை தூள், ஒரே ஆறு நிமிஷம் வைக்கிறாங்கல்ல, அதே கணக்கு. அதுக்கு முன்னாடி காய்ஞ்ச பூவ உள்ளங்கையில வச்சு சூடு வர்ற வரைக்கும் கசக்கி மோந்து பாப்பாங்க, உள்ள இருக்கிற லுபுலின்ங்கிற மஞ்சள் பொடி உடைஞ்சு கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், எலுமிச்ச வாசம் வரலாம், பைன் மரம் வரலாம், சிலதுல வெங்காயம் பூண்டு கூட வரும். ஆனா கையில மணக்கிறதெல்லாம் கிளாஸ்ல இருக்காது, கொதிக்கிறப்ப வாசன எண்ணெய் பாதிக்கு மேல ஆவியா போயிரும், அதான் தனியா ஒரு பியர் போட்டே பாக்க வேண்டியிருக்கு. பாஸ் ஆகுற வரைக்கும் ரகத்துக்கு நம்பர் தான், இன்னைக்கு பியர் போடுற எல்லாருக்கும் தெரிஞ்ச சிட்ராங்கிற ஹொப் ரகமே முதல்ல எச்பிசி 394ங்கிற நம்பரா தான் இருந்தது. நம்ம தேயிலை ஆராய்ச்சி நிலையத்தோட (டிஆர்ஐ) 'டிஆர்ஐ 2025' தேயிலை ரகத்துக்கு கடைசி வரைக்கும் பேரே வைக்கல, அது வேற கத.

நுவரெலியாவுல ஹொப் நட்டு பாக்கலாமேன்னு ஒரு மெயில் வந்திச்சு. குளிர் சரி, பகல் பத்தாது. வருஷம் பூரா கிட்டத்தட்ட 12 மணி நேரம் தான், நீண்ட பகல் இல்லாட்டி கொடி ஏறாம கட்டையா இருக்கும்போதே கொஞ்சமா பூத்து முடிச்சிரும்.

ஹொப் பூவுல இருக்கிற அல்பா அமிலத்துக்கு 'கசப்பமிலம்'ங்கிற பேரு வேணாம். பூவுல இருக்கும்போது அது பெருசா கசக்காது, கொதிச்சு உருமாறின பிறகு தான் கசப்பு. பேர இப்பவே செலவழிச்சிட்டா மாறினதுக்கு என்ன வப்பீங்க?