காப்பகத்திலிருந்து வந்த நாய்க்குப் புதிய பெயர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தாழ்வாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எட்டு நாள்களுக்கு முன் விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ மூன்று வயதுள்ள பெண் நாய் ஒன்றை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். உடல் முழுவதும் செம்பழுப்பு நிறம். நெஞ்சில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. இடது காது நிமிர்ந்து நிற்கும். வலது காது நுனியில் மடிந்து தொங்கும். முன்பு இருந்த வீட்டில் அதை ‘ராணி’ என்று அழைத்ததாகக் காப்பகத்தில் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெயரை யார் சொன்னாலும் அது வாலை ஒடுக்கிக்கொண்டு, வயிறு தரையில் உரசும்படி தாழ்ந்து, மேசைக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடித்தார்களோ என்று எண்ணி முதல் நாள் இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

எனவே வேறு பெயர் வைக்க விரும்புகிறோம். என் அம்மா ‘வாணி’ என்கிறார்கள். மகள் நெஞ்சில் இருக்கும் வெள்ளையைப் பார்த்து ‘நிலா’ என்கிறாள். மகன் ‘மிட்டு’ என்று முடிவே செய்துவிட்டான். மூன்று வயதுக்கு மேல் பெயரை மாற்றினால் நாய் குழம்பிவிடும், பழைய பெயரையே அன்பாகச் சொல்லிப் பழக்கலாம் என்பது என் கணவரின் கருத்து. வீட்டில் ஏற்கெனவே ‘மின்னி’ என்ற ஆறு வயதுப் பூனையும் இருக்கிறது. பெயர் என்பது எங்களுக்கு அழகாகத் தோன்றினால் போதுமா, நாயின் காதுக்கு ஏற்றது என்று ஏதாவது உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

நடைத்துணை

சகோதரி, பல ஆண்டுகளாக நாய்களைப் பழக்கிவரும் தொழிலில் இருக்கிறேன். பெயர் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எழுதிப் பார்க்காதீர்கள், அடுத்த அறையில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். நாய்க்கு எட்டுவது நீங்கள் கூப்பிடும் ஒலி மட்டுமே, அந்த ஒலி தமிழில் எழுதும் பெயரிலிருந்து வெகுவாக மாறிவிடுகிறது. ‘கருப்பன்’ என்று பெயர் வைத்தவர் ஒருவர்கூட ‘கருப்பன்’ என்று கூப்பிடுவதில்லை. ‘கருப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார். ‘மணி’ என்பது கூப்பிடும்போது ‘மணீ’ ஆகிறது. ‘முத்து’, ‘சிட்டு’ போன்ற பெயர்களின் கடைசியில் இருப்பது குற்றியலுகரம் என்பதால், தொலைவிலிருந்து கூப்பிட்டால் அது காற்றோடு போய்விடும். அதனால்தான் நம்மை அறியாமலே ‘முத்தூ’ என்று இழுக்கிறோம். ‘நிழல்’ என்பது போல மெய்யில் முடியும் பெயரை எளிதில் இழுக்க முடியாது. நெடில் ஓசையில் முடியும் பெயர், அல்லது கூப்பிடும்போது எளிதில் நெடிலாக நீளும் பெயர், காதுக்கு எட்டும் பெயர்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ‘வாணி’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலாவதாக, அது ‘ராணி’யிலிருந்து ஒரே ஓர் எழுத்தில்தான் வேறுபடுகிறது. ஹங்கேரியில் 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்றில், வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, அவற்றுக்கு நன்கு தெரிந்த கட்டளைச் சொற்களையும், அதே சொற்களில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிய பொருளற்ற சொற்களையும், முற்றிலும் வேறான பொருளற்ற சொற்களையும் ஒலிக்கச் செய்தார்கள். முற்றிலும் வேறான சொற்களை நாயின் மூளை உடனே பிரித்துக் காட்டியது. ஓர் ஒலி மாறிய சொற்களைத் தெரிந்த சொற்களிலிருந்து பிரித்துக் காட்டவில்லை. காது கேட்காததால் அல்ல, ஒவ்வொரு ஒலியையும் அது கவனிப்பதில்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே நீங்கள் ‘வாணி’ என்று கொஞ்சினாலும், மேசைக்கு அடியில் போகும் அந்த நாய்க்கு அது பழைய பெயராகவே கேட்கக்கூடும். இரண்டாவதாக, ‘வா நீ’ என்று யாரைக் கூப்பிட்டாலும் தன்னைக் கூப்பிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். வரும், ஒன்றும் கிடைக்காது. நாளடைவில் பெயரைக் கேட்டும் வராமல் இருக்கப் பழகிவிடும்.

‘நிலா’ நல்ல பெயர், நெடிலில் முடிகிறது. ஆனால் வாயிலில் ஓடும் நாயைப் பார்த்து நம் வாயில் முதலில் வருவது ‘நில்லு’ என்ற சொல்தான். பெயரைக் கேட்டால் நாய் உங்களை நோக்கி வர வேண்டும். ‘நில்லு’ என்றால் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் தொடங்குவது ஆபத்து. கட்டளையை ‘இரு’ என்று மாற்றிக்கொள்ள வீட்டில் உள்ள எல்லோராலும் முடியுமானால் ‘நிலா’ வைக்கலாம்.

உங்கள் கணவரின் ஐயத்துக்கும் விடை சொல்லிவிடுகிறேன். சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2011இல் வெளிவந்தது. அது தனித்திறன் கொண்ட நாய், பல ஆண்டுகள் அன்றாடம் பயிற்சி பெற்றது என்பது உண்மைதான். ஆயினும் சாதாரண நாய் ஒன்று மூன்று வயதில் ஒரே ஒரு புதுப் பெயரைக் கற்பது பெரிய காரியமே அல்ல. நான் பார்த்தவரை சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் பழகிவிடுகின்றன.

சாம்பல்வால்

மூன்று பூனைகளுடன் வாழ்பவள் என்ற முறையில், ‘மின்னி’யின் சார்பாக ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ‘மிட்டு’ என்ற பெயர் வேண்டாம். பூனைக்குப் பெயர் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள், தெரியும். ஜப்பானில் 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வீட்டுப் பூனைகள் தம் பெயரை அதே நீளமுள்ள வேறு சொற்களிலிருந்து பிரித்தறிந்தன. முன்பின் அறியாதவர் குரலில் சொன்னபோதும் தலையையோ காதையோ திருப்பின. ஆனால் பல பூனைகள் ஒன்றாக வாழ்ந்த பூனைக் காப்பிக்கடை ஒன்றில், தம் பெயரையும் உடன் வாழும் பூனைகளின் பெயர்களையும் அவை வேறுபடுத்திக் காட்டவில்லை. அங்கு ஒரு பூனையைக் கூப்பிட்டால் பல பூனைகளுக்கும் தடவல் கிடைத்திருக்கக்கூடும் என்பதால், யார் பெயர் யாருக்கு என்பது அவற்றுக்கு முக்கியமாகவே இருந்திராது.

என் வீட்டிலும் இதைக் கண்ணால் கண்டேன். முதல் பூனை ‘சிம்மி’, இரண்டாவது ‘சின்னு’. சின்னுவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தபோது, ‘சின்னு’ என்று நான் வாயெடுத்தாலே சிம்மியும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். மூன்றாவதாக வந்த குட்டிக்கு ‘கோகோ’ என்று பெயர் வைத்தேன். அதற்கு அந்தக் குழப்பம் இல்லை. முதல் ஒலியும் உயிரோசையும் வேறாக இருக்கட்டும். நாயைக் கூப்பிட்டுத் தின்பண்டம் கொடுக்கும்போது பூனைக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்; அதை அதன் பெயரால் தனியாகக் கூப்பிட்டுத் தனியாகக் கொடுங்கள்.

மறுவாழ்வு

நான் விலங்குக் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். பழைய பெயரைக் கேட்டு ஒடுங்குவதை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி அடித்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கனத்த குரல், குனிந்து பார்ப்பது, நேராகக் கண்ணுக்குள் பார்ப்பது, கை உயர்வது ஆகியவற்றில் எதற்கும் அது அஞ்சலாம். எனவே ஒரு முறை சோதித்துப் பாருங்கள்: பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், மென்மையான குரலில் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சொல்லி, இடையில் ‘ராணி’ என்று சொல்லுங்கள். மற்றச் சொற்களுக்கு அசையாமல் அந்த ஒன்றுக்கு மட்டும் உடல் இறுகினால், அந்தப் பெயரை இனி அந்த வீட்டில் யாரும் உச்சரிக்க வேண்டாம். அதை அன்பாகச் சொல்லிப் பழக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. அதற்காக நீங்கள் செலவிடும் ஒவ்வொரு நாளும் அந்த நாய் அஞ்சிக்கொண்டே இருக்கும் நாள். புதிய பெயருக்கு அந்தப் பழைய அச்சமே கிடையாது.

பழைய பெயருக்கு அஞ்சாத நாய்களுக்கு, புதிய பெயரை முதலிலும் பழைய பெயரை அடுத்தும் சேர்த்துச் சொல்லி, சில நாள்களில் பழையதைக் கைவிடுவது வழக்கம். உங்கள் நாய்க்கு அந்த வழி பொருந்தாது. அமைதியான அறையில், அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது புதிய பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். தலை திரும்பிய கணத்தில் தின்பண்டம் கொடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். திரும்பாவிட்டால் மீண்டும் மீண்டும் கூப்பிடக் கூடாது. குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ கண்டிக்கவோ அந்தப் பெயரைப் பயன்படுத்தவே கூடாது. அதற்கு நீங்களே எழுந்து அதனிடம் போங்கள்.

பொருளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். முன்கால் ஒன்றை இழந்த நாய் ஒன்று எங்களிடம் ‘நொண்டி’ என்ற பெயரோடு வந்து சேர்ந்தது. அந்தப் பெயர் அதற்கு வெறும் ஒலிதான். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். ஆனால் தத்தெடுக்க வந்தவர்கள் பெயரைக் கேட்டதும் காலைத்தான் பார்த்தார்கள். ‘தென்றல்’ என்று பெயர் மாற்றிய பிறகு, வருகிறவர்கள் முதலில் அதன் முகத்தைப் பார்த்ததை நான் அருகில் நின்று கண்டேன். நாய்க்குப் பொருள் தெரியாமல் இருக்கலாம், அதை நடத்துகிற மனிதர்களுக்குத் தெரியும்.

பழஞ்சுவடி

விளியை, அதாவது பெயரைக் கூப்பிடும் வடிவத்தைப் பற்றி நடைத்துணை அவர்கள் சொன்ன கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாகும், ஐகாரத்தில் முடிவது ‘ஆய்’ ஆகும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு விதி வகுக்கிறது. அந்த விதி உயர்திணைப் பெயர்களுக்கானது. நாம் நாயையும் அந்த இடத்தில் வைத்துத்தான் கூப்பிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

பெயரின் நீளத்தைப் பற்றி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியின் வேளாண்மை எழுத்தாளர் கொலுமெல்லா சொன்னது இன்றும் பொருந்துகிறது. நாய் விரைவாகக் கேட்டுக்கொள்ளும்படி பெயர் நீளாமல் இருக்க வேண்டும், ஆனால் இரண்டு அசைகளுக்குக் குறையவும் கூடாது என்கிறார். ஓரசைப் பெயர் ‘வா’, ‘போ’, ‘விடு’ போன்ற குறுஞ்சொற்களோடு கலந்துவிடும் என்பதால் அந்தக் கீழ் எல்லை நமக்கும் தேவைப்படுகிறது.

தாழ்வாரம்

பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன்.

மறுவாழ்வு அவர்கள் சொன்ன சோதனையை மறுநாளே செய்தேன். ‘சன்னல்’, ‘குடை’, ‘காகிதம்’ என்று சொல்லும்வரை முன்கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்த நாய், ‘ராணி’ என்றதும் மூச்சை நிறுத்திக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அதைப் பார்த்தார். அதன் பிறகு பழைய பெயரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

‘நிலா’வைத்தான் வைப்பதாக இருந்தோம். ஆனால் அன்று மாலையே வெளிக்கதவு திறந்திருக்க, அம்மா ‘நில்லு, நில்லு’ என்று பதறியதைக் கேட்டதும், எழுபது வயதில் அவர்கள் வாயில் வரும் சொல்லை மாற்ற முடியாது என்று புரிந்துவிட்டது. மகளுக்கு வருத்தம்தான். அம்மாதான் வழி சொன்னார்கள்: நெஞ்சில் இருக்கும் வெள்ளை தும்பைப் பூ மாதிரி இருக்கிறது, ‘தும்பை’ என்று வையுங்கள் என்றார்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தோம். நாங்கள் எல்லோரும் ஒருவர் சொல்லித் தராமலே ‘தும்பா’ என்றுதான் கூப்பிட்டோம். அதையே பெயராக வைத்துவிட்டோம். மகனும் ‘மிட்டு’வை விட்டுக்கொடுத்துவிட்டான். கால்நடை மருத்துவமனைக் குறிப்பேட்டிலும், நாயின் உடலில் உள்ள மைக்ரோசிப் பதிவிலும் அதே வடிவத்தை எழுதச் சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் நாள், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாயைப் பின்னால் இருந்து ஒரு முறை கூப்பிட்டேன். முதலில் மடிந்த காதின் அடிப்பகுதி மட்டும் அசைந்தது; பிறகு தலை முழுவதும் திரும்பியது. இப்போது மேசைக்கு அடியில் படுத்திருந்தாலும் எழுந்து வருகிறது.

ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. கொஞ்சும்போது அம்மா ‘தும்பே’ என்கிறார்கள். அதைத் திருத்த வேண்டுமா?

நடைத்துணை

திருத்த வேண்டாம், சகோதரி. முதல் ஒரு மாதத்துக்கு மட்டும், தொலைவிலிருந்து கூப்பிடும்போது எல்லோரும் ‘தும்பா’ என்ற ஒரே வடிவத்தைச் சொன்னால் போதும். மடியில் படுத்திருக்கும் நாயிடம் அம்மா ‘தும்பே’ என்று சொன்னால், அந்தக் குரலும் கையும் சேர்ந்து அதுவும் தன் பெயர்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும்.